பலவற்றில் ஒன்று

சேலம் நகரின் வடபால், சேர்வராயன் மலையடியில், மாக்னசைட் என்னும் கல் வெட்டியெடுக்கப்பெறுகின்றது. அங்கிருந்து தெற்கு நோக்கிச் செல்வோமாயின், ஆலைகளின் களங்களில் ஜவ்வரிசி வெயிலிற் காய்வதைக் காணலாம். நாமக்கல்லை அணுகினால், கோழிப் பண்ணைகளில் முட்டைகள் அடுக்கடுக்காக விளங்கும். கல் வேறு; ஜவ்வரிசி வேறு; முட்டை வேறு. ஆயினும் மூன்றையும் நாம் வெள்ளை என்கிறோம். மூன்றிடத்தும் உள்ள அவ்வெண்மை ஒன்றா, மூன்றா?

ஒன்றாயின், ஒரே வேளையில் அது மூன்றிடங்களில் எவ்வாறு இருத்தல் கூடும்? மூன்றாயின், மூன்றுக்கும் ஒரே சொல் பொருந்துவது எங்ஙனம்? சிறுவர் கேட்கும் வினாப்போலத் தோன்றும் இதற்கு அறிஞர்கள் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக விடை தேடி வருகின்றனர். மெய்யியலார் இதனைப் பொதுமை பற்றிய சிக்கல் என்பர்.

கிரேக்க அறிஞராகிய பிளேட்டோ, பொதுமைகள் பொருள்களுக்கு அப்பால் தனித்து, அழியாது நிலைத்துள்ளன என்றார். நம் நாட்டு வைசேடிகரோ, பொதுமை உண்டு. எனினும் அது பொருள்களிலேயே ஒன்றியுள்ளது என்றனர். அதற்குச் சாமானியம் என்று பெயரிட்டனர். மணிமேகலைக் காப்பியத்தில் சமயவாதிகள் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் பகுதியில், வைசேடிகவாதி கூறும் ஆறு கூறுகளுள் சாமானியமும் ஒன்றாகும். பௌத்தத் தருக்க அறிஞராகிய திங்நாகர் இதனை மறுத்தார். பசு என்னும் சொல், பசு அல்லாதவற்றை விலக்குகின்றதேயன்றி, எல்லாப் பசுக்களிலும் உள்ள ஒரு பொதுப்பொருளைச் சுட்டவில்லை என்பது அவர் கருத்து.

இருபதாம் நூற்றாண்டில் இவ்வாராய்ச்சி புத்துயிர் பெற்றது. ஆங்கில அறிஞர் பெர்ட்ரண்டு ரசல் 1912-இல் வெளியிட்ட நூலில் இதனை ஆராய்ந்தார். 'பொதுமை வேண்டா, ஒன்றையொன்று ஒத்திருத்தலே போதும்' என்பார்க்கு அவர் ஒரு தடை கூறினார். கல் முட்டையை ஒத்துள்ளது. முட்டை ஜவ்வரிசியை ஒத்துள்ளது. அவ்வாறாயின், 'ஒத்திருத்தல்' என்பதே பல இணைகளுக்குப் பொதுவாகிவிட்டதன்றோ? வாயில் வழியே வெளியேற்றிய பொதுமை, சாளரத்தின் வழியே மீண்டும் உள்ளே வந்துவிட்டது!

அவர் காட்டிய மற்றொரு வகையையும் காண்போம். சேலம் நாமக்கல்லுக்கு வடக்கே உள்ளது. சேலத்தைப் பார்க்கலாம், நாமக்கல்லையும் பார்க்கலாம். 'வடக்கே' என்னும் உறவை எவ்வூரில் போய்ப் பார்ப்பது? நாம் நினையாவிடினும் அவ்வுறவு பொய்யாவதில்லை. ஆகவே, அது நம் மனத்தின் படைப்பன்று என்றார் ரசல்.

விட்கென்ஸ்டைன் என்னும் அறிஞரின் கருத்து வேறு. 1953-இல் வெளிவந்த அவரது நூல், விளையாட்டு என்னும் சொல்லை எடுத்துக்கொண்டு ஆராய்கின்றது. சடுகுடு, பல்லாங்குழி, பந்தாட்டம் ஆகிய அனைத்திலும் உள்ள ஒரே பொதுத்தன்மை யாது? தேடினால் அகப்படுவதில்லை. தாயின் கண்ணும் தந்தையின் நடையும் மக்களிடம் கலந்து தோன்றுவதுபோல, ஒப்புமைகள் பல பின்னிக் கிடக்கின்றன. நூலுக்கு வலிமை தருவது, முழுநீளமும் ஓடும் ஒற்றை இழையன்று. ஒன்றன்மேல் ஒன்று படிந்து முறுக்கேறிய பல இழைகளே என்றும் அவர் விளக்கினார். சேலத்து நெசவாளர்க்கு இவ்வுவமை எளிதில் விளங்கும்.

இவையெல்லாம் கற்றோரின் சொல்லாடல் மட்டுமே என்று கருதுதல் கூடாது. ஜவ்வரிசியையே எடுத்துக்கொள்வோம். பெயரில் அரிசி உண்டு. ஆனால் அது நெல்லிலிருந்து வருவதன்று. தென்கிழக்காசியத் தீவுகளில் சேகோ என்னும் ஒருவகைப் பனையின் தண்டிலுள்ள மாவினால் அது செய்யப்படும். சேலம், நாமக்கல் பகுதிகளிலோ மரவள்ளிக் கிழங்கை அரைத்து, பாலை வடித்து, தெளிந்து படியும் மாவை உருண்டைகளாக்கி, வறுத்து, உலர்த்துகின்றனர். 'பனையில் பிறந்ததே உண்மையான ஜவ்வரிசி. கிழங்கில் பிறந்ததற்கு அப்பெயர் ஆகாது' என்று ஒருவர் வழக்குரைத்தால், யாது விடை கூறுவோம்? வடிவும் நிறமும் பயனும் ஒன்றே என்போமா? மூலம் வேறு என்று ஒத்துக்கொள்வோமா? மரவள்ளி பயிரிடும் உழவரின் வாழ்வும், ஆலைத் தொழிலாளரின் கூலியும் இவ்விடையைச் சார்ந்துள்ளன.

நம் நாட்டு உணவு விதிகள் இதனைத் தெளிவாக வரையறுத்துள்ளன. சேகோப் பனையின் மாவிலிருந்தோ மரவள்ளிக் கிழங்கிலிருந்தோ செய்யப்பட்ட சிறிய, கெட்டியான உருண்டைகளே ஜவ்வரிசியாகும். அதில் வேற்றுப்பொருள் கலத்தல் ஆகாது. ஆகவே, பனையும் கிழங்கும் ஒரு பெயரின்கீழ் நிற்கின்றன. வெள்ளையாய் உருண்டிருப்பதனால் மட்டும் மற்றொரு மாவு அப்பெயரைப் பெறமாட்டாது. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

பொதுமை பொருளில் உள்ளதா, சொல்லில் உள்ளதா என்னும் வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயினும் அது நமக்கு ஒரு நற்பழக்கத்தைக் கற்பிக்கின்றது. பலவற்றை ஒரு பெயரால் அழைக்கும்போதெல்லாம், 'இவற்றுள் பொதுவாக உள்ளது யாது?' என்று கேட்டறிதல் வேண்டும். பொருள்களைப் பற்றிப் பேசும்போது இது நன்று. மனிதரை ஒரு பொதுப்பெயரால் குறிக்கும்போதோ இன்றியமையாதது.