தீவனத்தில் கலந்தது வீட்டுக்குள் வந்தது



பருத்தியிலே ஒரே பூச்சிமருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் என்ன ஆகும்? முதலில் புழு கொத்துக் கொத்தாகச் சாகும். போகப் போக எத்தனை அடித்தாலும் அசையாது. தப்பிப் பிழைத்த புழு பெருகியதுதான் காரணம். நோய்க்கிருமியின் சங்கதியும் இதேதான். இதைக் கோழிப்பண்ணையிலேயே நடத்திக் காட்டிய ஒரு டாக்டரைப் பற்றி இன்று பார்ப்போம்.

அவர் பெயர் ஸ்டூவர்ட் லெவி. அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். அந்த நாட்டில் 1950-களிலிருந்தே கோழி, பன்றித் தீவனத்தில் டெட்ராசைக்ளின் போன்ற ஆன்டிபயாடிக் மருந்தைக் கொஞ்சமாகக் கலந்து போடுவது வழக்கமாக இருந்தது. நோய்க்காக அல்ல, சீக்கிரம் எடை கூடட்டும் என்றுதான். இதனால் மனுஷருக்குக் கெடுதல் உண்டா என்று பார்க்க, கால்நடை மருந்துக் கம்பெனிகளின் சங்கமே லெவிக்குப் பணம் கொடுத்தது.

பாஸ்டனுக்குப் பக்கத்தில் ஒரு குடும்பத்தின் பண்ணை. 300 கோழிகள். பாதிக்கு மருந்து கலந்த தீவனம், பாதிக்கு வெறும் தீவனம். கோழி எச்சத்தையும், பண்ணை வீட்டார், அக்கம்பக்கத்தார் மலத்தையும் விடாமல் சோதித்து வந்தார்கள்.

இரண்டே வாரத்துக்குள், மருந்து தின்ற கோழிகளின் குடலில் அநேகமாக எல்லாமே டெட்ராசைக்ளினுக்குச் சாகாத கிருமிகளாகிவிட்டன. சில மாதங்களில், கொடுக்காத வேறு மருந்துகளையும் தாங்கும் கிருமிகள் வந்துவிட்டன. அதெப்படி என்கிறீர்களா? பல மருந்துகளைத் தாங்கும் குணம் கிருமிக்குள் ஒரே சரடாகச் சேர்ந்திருக்கும். நாம் விதைநெல்லைக் கைமாற்றிக் கொள்வதுபோல, ஒரு கிருமி அதை இன்னொன்றுக்குக் கொடுத்துவிடும்.

அதோடு நிற்கவில்லை. தீவனம் தின்றது கோழிதான். ஆனால் 5, 6 மாதத்தில் பண்ணை வீட்டார் வயிற்றிலும் அந்தக் கிருமி ஏறிவிட்டது. அவர்களிடம் எடுத்த மாதிரிகளில் 100-க்கு 31-ல், கிருமிகளில் 80 சதவீதத்துக்கு மேல் மருந்துக்குச் சாகாதவை. அக்கம்பக்கத்தாரிடம் இது 100-க்கு 7 தான்.

நல்ல செய்தியும் உண்டு. மருந்துத் தீவனத்தை நிறுத்தி 6 மாதம் கழித்து வீட்டார் 10 பேரைச் சோதித்தார்கள். 8 பேரிடம் அந்தக் கிருமி காணோம்!

1976-ல் இந்த முடிவு வெளிவந்தது. மறு வருஷமே அமெரிக்க அரசின் மருந்துத் துறை இந்த வழக்கத்துக்குத் தடை போடப் பார்த்தது, எதிர்ப்பால் முடியவில்லை. மனுஷருக்கு முக்கியமான மருந்துகளை எடை கூட்டப் போடுவது அங்கே 2017-ல்தான் நின்றது. லெவி சளைக்கவில்லை. 1981-ல் இதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கி, 2019-ல் இறக்கும்வரை எச்சரித்து வந்தார்.

நம் நாட்டிலும் 2019-ல் கொலிஸ்டின் என்ற மருந்தை இறைச்சி, முட்டை, பால் தரும் பிராணிகளுக்குக் கொடுக்கத் தடை வந்தது. வேறெதற்கும் கேட்காத நோய்க்கு மனுஷருக்குக் கடைசியாகக் கைகொடுக்கும் மருந்து அது.

ஆகவே, எடை கூடட்டும் என்று தீவனத்தில் ஆன்டிபயாடிக் கலக்காதீங்க. மீந்த மருந்தை அடுத்த மாட்டுக்குப் போடாதீங்க. கால்நடை டாக்டர் சொன்ன அளவு, சொன்ன நாள் கொடுங்க. ஊசி போட்ட பின் அவர் சொல்லும் நாள்வரை பாலையும் முட்டையையும் விற்காதீங்க. தடுப்பூசி, சுத்தமான தண்ணீர், காய்ந்த கொட்டகைத் தரை இருந்தால் பாதி நோய் அண்டாது.

கோழிக்குப் போடும் மருந்தும் நம்ம குழந்தைக்குப் போடும் மருந்தும் பல சமயம் ஒன்றுதான். கோழியிடம் அதை வீணடித்துவிட்டால், குழந்தைக்குக் காய்ச்சல் வரும்போது எதைக் கொடுப்பது?