குப்புறப் படுங்க... மூச்சை விடுங்க!

செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் வாருங்கள், சி.டி. ஸ்கேன் கன்சோல் அறைக்குள் நுழைகிறோம்! ஈயக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வளையத்துக்குள் நோயாளி. இந்தப் பக்கம் டெக்னீஷியன் மைக்கில், "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிச்சுக்கோங்க... ம், விடலாம்!" சில விநாடிகள்தான். அட, இவ்வளவுதானா என்று கிளம்பிவிடாதீர்கள். வேடிக்கையே இனிமேல்தான்.

நுரையீரல் முழுக்கப் பரவும் நோய்களைத் துப்பறிய எடுக்கும் ஹெச்.ஆர்.சி.டி. என்ற நுண்தெளிவு சி.டி.யில் ஒவ்வொரு படமும் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மிகாத மெல்லிய சீவல். அடுத்து நோயாளியைக் குப்புறப் படுக்கச் சொல்கிறார்கள். எதற்காம்? மல்லாந்து படுத்தால் முதுகுப்பக்க நுரையீரல் தன் எடையிலேயே அமுங்கி மங்கலாகத் தெரியும். நோய் மாதிரியே நடிக்கும். குப்புறப் படுத்ததும் மங்கல் மறைந்தால் நடிப்பு, அங்கேயே நின்றால் நோய். காசு செலவில்லாத தந்திரம்!

பிறகு மூச்சை முழுக்க வெளியே விட்டு இன்னொரு படம். காற்று போனால் நுரையீரல் படத்தில் வெளுக்க வேண்டும். சில திட்டுகள் மட்டும் கறுப்பாகவே நின்றால், அங்கே சிறு குழாய்கள் அடைபட்டுக் காற்று சிக்கியிருக்கிறது. புறா எச்சத் தூசி, பூஞ்சை இவற்றைச் சுவாசித்து வரும் ஒவ்வாமை நுரையீரல் அழற்சிக்கு இது முக்கியத் தடயம்.

இனி ரேடியாலஜிஸ்ட்டின் இருட்டறை. மவுஸ் சக்கரம் உருள உருள, நுரையீரல் உச்சியிலிருந்து அடிவரை சர்ரென்று ஓடுகிறது. நிறுத்துங்கள், நிறுத்துங்கள்! அடிப்பகுதியில், ஓரத்தை ஒட்டி, 3 முதல் 10 மில்லிமீட்டர் அளவில் அடுக்கடுக்காகப் பொந்துகள். தேன்கூடேதான், 'ஹனிகோம்பிங்'! அழகாயிருக்கிறதே என்று வாயைத் திறந்துவிடாதீர்கள். திரும்பச் சரியாகாத தழும்பு அது. இந்தக் கோலம் அச்சு அசலாக அமைந்து, வேறு காரணமும் இல்லையென்றால், நுரையீரலில் கத்தி படாமலே ஐ.பி.எஃப்., அதாவது காரணம் தெரியாமல் நுரையீரல் தழும்பேறும் நோய், என்று முடிவுகட்டிவிடலாம்.

அதையும் தனியாளாக முடிவுகட்டுவதில்லை. நுரையீரல் மருத்துவரும் ரேடியாலஜிஸ்ட்டும் பாதாலஜிஸ்ட்டும் கூடி உட்கார்ந்து வாதாடுகிறார்கள். நுரையீரல் முழுக்கப் பரவும் இந்த நோய்களைப் பற்றி 2017இல் வெளியான இந்தியப் பதிவேட்டு ஆய்வு இப்படித்தான் 1,084 நோயாளிகளை அலசியது. முதலிடம் யாருக்குத் தெரியுமா? அதே ஒவ்வாமை அழற்சிக்கு, 47.3 சதவீதம்! அதைக் கிளப்பிவிடும் சந்தேகப் பட்டியலின் முன்வரிசையில், ஈரத்தில் பூஞ்சை வளர இடம்தரும் நம் வீட்டு ஏர் கூலர்.

ஆகவே, ஹெச்.ஆர்.சி.டி.க்குச் சீட்டு எழுதும் டாக்டரிடம் ஏர் கூலர், பால்கனிப் புறா, வேலையிடத் தூசி எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். அவர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.