பனித்தாமரை ஏன் குள்ளமானது?

பெயரில்தான் தாமரை, பிறப்பால் சூரியகாந்திக் குடும்பம். கிழக்கு இமயமலையில், 4,000 மீட்டருக்கு மேல், கற்கள் சரிந்து கிடக்கும் இடத்தில் கம்பளி போர்த்தியதுபோல் நிற்கும் செடி. இது தலைமுறை தலைமுறையாகக் குட்டையாகி வந்திருக்கிறது. அது எப்படித் தெரிந்தது? நூறாண்டாக யாரும் அளவுகோலோடு மலையில் காத்திருக்கவில்லையே!

ஹெர்பேரியம் காட்டிக்கொடுத்தது. அங்கே செடியை அழுத்திக் காயவைத்து, தாளில் ஒட்டி, பறித்த இடத்தையும் நாளையும் எழுதி வைப்பார்கள். ஆய்வாளர்கள் வெய்ன் லா, ஜான் சாலிக் இருவரும் அந்தத் தாள்களில் இருந்த செடிகளின் உயரத்தை அளந்து, ஆண்டுவாரியாக ஒப்பிட்டு, 2005-இல் முடிவை வெளியிட்டார்கள்.

காரணம், மருந்துக்காகப் பறிக்கும் கைகள். அவை தேடுவது பெரிய செடியை, அதுவும் பூத்திருக்கும்போது. வாழ்நாளில் ஒரே முறை பூத்து மடியும் செடிக்கு, பூவோடு போனால் விதையே கிடையாது. கண்ணுக்குத் தப்பிய குட்டைகளே விதைத்தன.

வேறு காரணம் இருக்கலாமே? இருவரும் அதையும் யோசித்திருந்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். மக்கள் அதிகம் நாடாத இன்னொரு பனித்தாமரை இனத்தின் தாள்களையும் அளந்தார்கள். அது குள்ளமாகவில்லை.