புது டிஎஸ்எல்ஆர் வாங்கியாச்சு... வெளியில் முதல் டெஸ்ட் வீடியோ எடுக்கும்போது எதைக் கவனிக்கணும்? ஓசூர், கிருஷ்ணகிரியை வைத்து ஒரு விளக்கம்!

ஓசூரில் இருந்து பெங்களூரு சுமார் 40 கிலோமீட்டர்தான். காலையில் பஸ் ஏறினால், மதியத்துக்குள் கேமரா பெட்டியோடு அத்திப்பள்ளி தாண்டித் திரும்பிவிடலாம். சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை பார்த்துக்கொண்டே, லீவு நாளில் கல்யாண வீடியோ எடுக்கும் இளைஞர்கள் இந்தப் பக்கம் நிறைய பேர் இருக்கிறார்கள். பலருக்கு அது இஎம்ஐயில் வாங்கிய கேமரா. முதல் மூன்று நாலு ஆர்டரில்தான் அந்தப் பணம் திரும்பி வரணும்.

அதனால்தான் முதல் டெஸ்ட் வீடியோ முக்கியம். பூவையும் நாய்க்குட்டியையும் எடுத்து ஸ்டேட்டஸ் போடுவதோடு நிறுத்திவிட்டால், கேமராவில் இருக்கும் குறை முகூர்த்த நேரத்தில்தான் தெரியவரும். தாலி கட்டுவதற்கு ரீடேக் கிடையாது. கடைக்காரர்கள் கேமராவை மாற்றித் தரும் காலமும் பெரும்பாலும் சில நாட்கள்தான்.

போட்டோ கேமராவில் வீடியோ எப்போது வந்தது?

2008இல். அந்த ஆண்டு வந்த நிக்கான் டி90தான் வீடியோ எடுக்கும் வசதியுடன் வந்த முதல் டிஎஸ்எல்ஆர். அடுத்து வந்த கேனான் 5டி மார்க் 2 முழு எச்டி தரத்தில் பதிவு செய்தது. 2010இல் அமெரிக்காவின் 'ஹவுஸ்' தொடரின் ஒரு சீசன் இறுதிப் பகுதியையே அந்தக் கேமராவில் எடுத்தார்கள். தமிழில் பலருக்கும் நினைவிருப்பது 2012இல் வந்த 'வழக்கு எண் 18/9'. பாலாஜி சக்திவேல் இயக்கத்தில், விஜய் மில்டன் ஒளிப்பதிவில், கேனான் 5டி ரக ஸ்டில் கேமராவில் எடுக்கப்பட்ட படம். கேமரா சின்னது என்பதால் தெருவில் நிறைய பேர் கவனிக்காமலேயே எடுக்க முடிந்தது. சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது.

ஆனால் அந்தக் கேமராக்களின் அடிப்படை வேலை போட்டோ எடுப்பதுதான். வீடியோ பிறகு சேர்ந்தது. வெயிலில் நின்றால் அது புரிந்துவிடும்.

வெயிலில் என்ன பிரச்சினை?

முதலில் மெனுவுக்குள் போய் வீடியோ சிஸ்டத்தை பிஏஎல் என்று மாற்ற வேண்டும். அப்போதுதான் நொடிக்கு 25 ஃபிரேம் என்ற தேர்வு வரும். நம்ம ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 25 ஃபிரேமில், ஷட்டரை 1/50 வைத்தால் தெருவிளக்கும் மண்டப விளக்கும் பெரும்பாலும் சிமிட்டாது. அசைவும் கண்ணுக்கு இயல்பாக இருக்கும்.

சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது. நல்ல வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/50 என்று வைத்தால், சரியான வெளிச்சத்துக்கு அப்பர்ச்சரை எஃப்/22 வரை மூட வேண்டியிருக்கும். அவ்வளவு மூடினால் பின்னணி மங்கலாகாது, படமும் கொஞ்சம் கூர்மை இழக்கும். 'பேக்ரவுண்ட் பிளர்' வேணும் என்று டிஎஸ்எல்ஆர் வாங்கியவருக்கு, மதியம் 12 மணிக்கு மொபைலில் எடுத்த மாதிரியே வீடியோ வந்தால் எப்படி இருக்கும்? அதைச் சரிசெய்ய ஷட்டரை 1/2000 என்று ஏற்றினால் பின்னணி மங்கும், ஆனால் ஆள் நடப்பது வெட்டி வெட்டித் தெரியும்.

இதற்குத் தீர்வு என்டி ஃபில்டர். லென்ஸுக்குப் போடும் கூலிங் கிளாஸ் என்று வைத்துக்கொள்ளலாம். என்டி8 போட்டால் எஃப்/22 இருந்த இடம் எஃப்/8 ஆகும். என்டி64 போட்டால் எஃப்/2.8 வரை திறக்கலாம். கேமராவுக்குச் செலவழித்த பிறகு இதற்குக் கணக்குப் பார்ப்பவர்கள்தான் அதிகம். இரண்டாவது லென்ஸை விட இதுதான் முதலில் தேவை.

எஃப்/22இல் ஒரு நன்மையும் உண்டு. அதே நிலையில் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் சென்சாரில் ஒட்டிய தூசி கரும்புள்ளியாகத் தெரியும். புதுக் கேமராவில் அப்படிப் புள்ளி வந்தால் உடனே கடையில் காட்டலாம். கிரானைட் லாரிகள் ஓடும் கிருஷ்ணகிரி சாலையோரத்தில் நின்று லென்ஸ் மாற்றிவிட்டு, பிறகு கடைக்காரரிடம் சண்டை போடுவது மட்டும் சரியில்லை.

எதை எடுத்துப் பார்க்கலாம்?

இந்த வட்டாரமே நல்ல பரிசோதனைக் கூடம். ஓசூர் பசுமைக்குடில்களின் சிவப்பு ரோஜா அதில் முதலிடம். மொத்த வெளிச்சம் சரியாக இருப்பதாகக் கேமரா காட்டும். ஆனால் சிவப்பு மட்டும் எல்லை மீறிப்போய், இதழின் மடிப்பு எதுவும் தெரியாமல் ஒரே சிவப்புத் திட்டாகிவிடும். கல்யாணப் பட்டுப்புடவையிலும் இதே கதைதான் நடக்கும். வண்ண வாரியாகக் காட்டும் ஹிஸ்டோகிராமைப் பார்த்து, வெளிச்சத்தை ஒரு படி குறைத்து எடுத்துப் பழகலாம். மாலைக்கு ரோஜா, புடவைக்கு ரோஜா என்று இரண்டு பாடமும் ஒரே பூவில் முடிந்துவிடும்.

அடுத்தது தொழிற்சாலை ஷெட்டின் தகரக் கூரை. நெருக்கமான வரிகளைத் தூரத்தில் இருந்து எடுத்தால், பல டிஎஸ்எல்ஆர்களில் இல்லாத அலைகளும் வானவில் நிறமும் ஓடும். இதற்கு 'மொய்ரே' என்று பெயர். இது பழுது அல்ல, கேமராவின் குணம். கோணத்தையோ தூரத்தையோ மாற்றினால் குறையும். மாப்பிள்ளையின் கட்டம் போட்ட சட்டையிலும் இது வரும் என்பதால் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது.

தேசிய நெடுஞ்சாலை 44இல் பறக்கும் லாரிகளைக் கேமராவைத் திருப்பியபடி எடுத்தால் மின்கம்பங்கள் சாய்ந்து தெரியும். சென்சார் மேலிருந்து கீழாக வரிவரியாகப் படிப்பதுதான் காரணம். ஆனால் சாலையோரத்தில் ட்ரைபாட் போட்டு நிற்க வேண்டாம். வீட்டு மாடியில் நின்று வேகமாகத் திருப்பினாலே போதும்.

ஓசூர் கடல்மட்டத்தில் இருந்து சுமார் 900 மீட்டர் உயரம். காற்று அதிகம். கேமராவில் உள்ள மைக்கில் அந்தக் காற்று 'கடகட'வென்று விழும், லென்ஸ் மோட்டார் சத்தமும் சேர்ந்துகொள்ளும். சந்திரசூடேஸ்வரர் மலைமேல் நின்று ஊரைக் காட்டி ஒருவரைப் பேசவிட்டு ஒரு நிமிடம் பதிவு செய்தால், தனி மைக்கும் அதற்கு ரோம உறையும் ஏன் வேணும் என்று புரிந்துவிடும். கோயிலுக்குள் கேமரா வேண்டாம். 2022 டிசம்பரில் தமிழகக் கோயில்களுக்குள் செல்போனையே தடை செய்யச் சொன்னது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை.

எங்கே எடுக்கக் கூடாது?

இதில்தான் புதுசா வாங்கினவங்க மாட்டிக்கொள்கிறார்கள். கம்பெனி கேட் முன் கேமராவை நீட்டினால் செக்யூரிட்டி வருவார், அது சகஜம். அணைப் பகுதிகளில் படம் எடுக்கத் தடை என்று பலகை இருந்தால் அதற்கு மேல் பேச்சில்லை. தொல்லியல் துறைப் பாதுகாப்பில் உள்ள கோட்டைகளில் ட்ரைபாட் வைக்க முன்அனுமதி தேவை.

எல்லாவற்றையும் விட ஆபத்து யானை. ராகி அறுவடைக் காலத்தில் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் ஜவளகிரி, தேன்கனிக்கோட்டை, சானமாவு காடுகளுக்கு வரும். 'கேமராவை டெஸ்ட் பண்ண யானை கிடைச்சிருக்கு' என்று வயலுக்குள் ஓடுவது உயிரோடு விளையாட்டு. கண் திரையில் இருக்கும்போது யானை எவ்வளவு பக்கத்தில் வந்தது என்பதே தெரியாது. கிருஷ்ணகிரி, தருமபுரி காடுகளின் ஒரு பகுதி 2014இல் காவேரி வடக்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் படம் எடுக்கப் போகவும் அனுமதி வாங்க வேண்டும். எருது விடும் விழாவையும் தடுப்புக்கு வெளியே நின்றுதான் எடுக்கணும்.

அந்த 12 நிமிட டெஸ்ட்

பலரும் விடுவது இதைத்தான். கேமராவை நிழலில், ட்ரைபாடில் வைத்து, நிறுத்தாமல் ஓடவிட வேண்டும். பழைய கார்டு முறையில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டாது. முழு எச்டியில் அது ஏறக்குறைய 12 நிமிடம். அந்த இடத்தில் சில கேமராக்கள் தானாக அடுத்த கோப்பைத் தொடங்கும், சில அப்படியே நின்றுவிடும். தொடர்ந்தாலும் பல மாடல்களில் 29 நிமிடம் 59 நொடியில் பதிவு நிற்கும். 30 நிமிடத்துக்கு மேல் பதிவு செய்தால் ஐரோப்பாவில் அது வீடியோ கேமரா கணக்கில் வந்து சுங்க வரி கூடும் என்பதால் வந்த கட்டுப்பாடு அது. ஓசூர் கல்யாணத்துக்கும் அந்த வரிக்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் கேமரா நிற்கும்! பாதியில் 'கார்டு வேகம் போதவில்லை' என்று நின்றால் கார்டை மாற்றிப் பார்க்கணும். சூட்டு எச்சரிக்கை வந்தால் அது எத்தனையாவது நிமிடம் என்று குறித்துக்கொள்ளணும்.

கடைசியாக, லென்ஸ் மூடியைப் போட்டு, ஐஎஸ்ஓவை ஏற்றி 10 நொடி எடுக்கலாம். கருப்புத் திரையில் வெள்ளை, சிவப்புப் புள்ளிகள் ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அது சென்சார் குறை. இதையெல்லாம் கேமராத் திரையில் பார்த்து முடிவு செய்யாமல் டிவியிலோ கம்ப்யூட்டரிலோ போட்டுப் பார்க்க வேண்டும். குறை இருந்தால் அந்தக் கோப்பை எடிட் செய்யாமல் அப்படியே வைத்து, பில், இந்திய வாரண்டி அட்டை, பெட்டியில் உள்ள சீரியல் எண் மூன்றையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போகலாம். 'பில் வேண்டாம்னா குறைச்சுத் தர்றேன்' என்று சொன்ன இடத்தில் வாங்கியிருந்தால், பெங்களூருக்குத் திரும்ப பஸ் ஏறினாலும் காட்டுவதற்குக் கையில் எதுவும் இருக்காது.