வேலிக்குள் துறைமுகம், வெளியே பார்வையாளர்

கட்டணமோ அழைப்பிதழோ இன்றி எவரும் காணும்படி பொதுவெளியில் வைக்கப்படும் படைப்பே பொதுக்கலை எனப்படுகிறது. சரக்கு ஏறி இறங்கும் துறைமுகமோ எவரும் நினைத்தபடி நுழையக்கூடிய இடமாக இல்லாததால், அங்கே கலையை நிறுவ முனைவோர்க்கு எழும் முதற்சிக்கல் வாயிற்காவல்தான். 2001 செப்டம்பர் தாக்குதல்களை அடுத்துப் பன்னாட்டுக் கடல்சார் அமைப்பு வகுத்து, 2004 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த கப்பல், துறைமுகப் பாதுகாப்பு நெறித்தொகுப்பு, அயல்நாட்டுக் கப்பல்கள் வந்துபோகும் துறைகளில் நுழைவோரைக் கட்டுப்படுத்தியதால், வேலி மேலும் இறுகியது.

வேலியை அகற்ற இயலாதபோது அதற்கு மேலே தெரியுமளவுக்கு ஓவியத்தைப் பெரிதாக்குவது ஒரு வழி. தென் கொரியாவின் இஞ்சியோன் துறைமுகத்தில், தானியத்தை மொத்தமாகக் கொட்டிவைக்கும் சைலோ என்னும் கான்கிரீட் உருளைக் களஞ்சியங்கள் 48 மீட்டர் உயரத்தில் வரிசையாக நிற்கின்றன. அவற்றை அடுக்கிவைத்த 16 நூல்களாகக் கற்பித்து, ஒரு சிறுவன் பருவங்களைக் கடந்து வளரும் கதையை 22 ஓவியர்கள் தீட்ட, 23,688.7 சதுர மீட்டர் பரப்புள்ள அச்சுவரோவியம் 2018இல் உலகிலேயே பெரியதெனக் கின்னஸ் பதிவு பெற்றது. களஞ்சியத்தின் பணி நிற்கவில்லை. 2019இல் ஓடத் தொடங்கிய வொல்மி கடல் தொடர்வண்டியில் செல்வோர் மேலிருந்தே அதைப் பார்த்துச் செல்கின்றனர். ஆனால் அங்கே மூட்டை சுமப்பவரோ கப்பலைக் கட்டுபவரோ ஓவியத்தின் பொருளாகவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

மும்பையின் சசூன் துறை இதற்கு நேர்மாறானது. பாக்தாத்திலிருந்து வந்து குடியேறிய யூத வணிகக் குடும்பத்தைச் சேர்ந்த ஆல்பர்ட் அப்துல்லா டேவிட் சசூன், கொலாபாவில் கடலைத் தூர்த்து எடுத்த நிலத்தில் 1875இல் கட்டிய இத்துறை, ஓதம் வற்றினாலும் கப்பல் மிதக்கும்படி நீரைத் தேக்கிவைக்கும் வகையைச் சேர்ந்தது. மேற்கிந்தியாவில் அவ்வகையில் இதுவே முதலாவது. பருத்தி வணிகத்துக்கென எழுந்த இத்துறை பின்னாளில் மீன்பிடித் துறையாக மாறிவிட, விசைப்படகுகள் கொண்டுவரும் மீன் விடியலுக்கு முன்பே ஏலம் போவதும், கோலி மீனவர்களோடு பிற சமூகப் பெண்களும் கொட்டகைகளில் அமர்ந்து இறால் உரிப்பதும் இன்றளவும் இங்கே அன்றாட வேலைகள். மேற்சொன்ன நெறித்தொகுப்பு மீன்பிடிப் படகுகளைக் கட்டுப்படுத்துவதில்லை என்பது இங்கே நினைவிற்கொள்ளத் தக்கது.

2017 நவம்பர், டிசம்பர் மாதங்களில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை (பின்னர் சென்னைக் கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் ஓவியம் தீட்டச் செய்ததும் இதுவே) அத்துறையின் பழைய கிடங்கொன்றைக் காட்சிக்கூடமாக்கியபோது, பார்வையாளர்கள் ஐஸ் பெட்டிகளையும் தள்ளுவண்டிகளையும் கடந்தே உள்ளே செல்ல வேண்டியிருந்தது. அங்கே வைக்கப்பட்ட, கலைஞர் ஹனீஃப் குரேஷியின் ‘பர்ஃபியூம் சசூன்’ அத்துறையின் வாடையையே கலைப்பொருளாக எடுத்துக்கொண்டது. பிரெஞ்சுக் கலைஞர் ஜேஆர் 2011இல் தொடங்கிய ‘இன்சைட் அவுட்’ என்னும் உலகளாவிய திட்டம், சாதாரண மக்களின் முகங்களைப் பெரிய தாள்களில் அச்சிட்டு அவர்கள் வாழுமிடத்துச் சுவர்களிலேயே ஒட்டுவது. அம்முறைப்படி இங்கே துறையின் உழைப்பாளிகளே சுவரேறினர். மீன் வாங்க வருவோர் விலையை மட்டும் கேட்டுவிட்டுக் கடந்துபோகும் முகங்கள் அவை.

2022 டிசம்பரில் தொடங்கிய மும்பை நகர்ப்புறக் கலைவிழாவுக்காக இத்துறை மீண்டும் திறக்கப்பட்டது. இவ்வகைக் காட்சிகள் முடிந்தபின் அங்கே உழைப்போரின் கூலியோ கொட்டகையின் நிலையோ மாறிவிடுவதில்லை என்னும் குறை எளிதில் தள்ளத்தக்கதன்று. தாளில் ஒட்டிய முகங்கள் மும்பை மழைக்கு நெடுங்காலம் தாங்குவதுமில்லை. ஆயினும் பரப்பிலும் ஆயுளிலும் இஞ்சியோன் ஓவியம் எத்துணை விஞ்சி நின்றாலும், துறையில் உழைப்பவரையும் கலையைக் காண வந்தவரையும் ஒரே தரையில் நிறுத்தியது என்ற அளவில், பொதுக்கலை என்னும் பெயருக்குக் கூடுதல் உரிமையுடையது சசூன் துறைதான்.