நான் நசுக்கினது யாரை?

வீட்டுக்காரப் பாட்டி, பேத்தி பிரசவத்துக்காக மதுரை கிளம்பும்போது என்னிடம் சொன்னது இதுதான்: ‘‘தம்பி, வாடகை லேட்டானாப் பரவாயில்லே. மாடியில செம்பருத்திக்குத் தண்ணி லேட்டாகக் கூடாது. தாத்தா கையால வெச்சது!’’ தாத்தா இப்போது இல்லை.

மூன்றாவது வாரம், கொழுந்தெல்லாம் சுருண்டு பஞ்சு பஞ்சாக வெள்ளை. இலையைத் தொட்டால் பிசுபிசு. தண்டில் எறும்பு ஊர்வலம். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

‘‘மாவுப்பூச்சி சார்!’’ என்றார் தெருமுனை நர்சரிக்காரர். செடியின் சாற்றை உறிஞ்சிவிட்டு, மிஞ்சின சர்க்கரையைத் தேன் மாதிரி வெளியே விடுமாம். அதைக் குடிக்க வரும் எறும்பு, பதிலுக்கு மாவுப்பூச்சியின் எதிரிகளை விரட்டியடிக்குமாம். (எங்கள் ஆபீஸிலும் இப்படி ரெண்டு பேர் உண்டு!)

சுருண்ட நுனிகளை வெட்டிப் பையில் கட்டி எறிந்தேன். மேலே மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து லேசில் ஒட்டாது. அதனால் முதலில் குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சல். அப்புறம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல். வெயில் தாழ்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்கணும். வெயிலில் அடித்தால் இலை கருகிடும்.

பத்து நாளில் பாதி காலி. ஆனால் சில ‘தலைவர்கள்’ மட்டும் குண்டாக, வெள்ளை ஜடாமுடியோடு கிளைகளில் ஓடிக்கொண்டிருந்தார்கள். விட்டேனா? ஏழெட்டைக் குச்சியால் நசுக்கினேன். ஒன்றைத் தீப்பெட்டியில் போட்டு, பெருமையாக நர்சரிக்குக் கொண்டுபோனேன்.

அவர் தலையிலடித்துக் கொண்டார்.

‘‘அடப்பாவமே, இது நம்மாளு சார்! மாவுப்பூச்சியைத் தின்கிற பொறிவண்டோட குஞ்சு!’’

வேஷம் அப்படியே மாவுப்பூச்சிதான். ஆனால் அதைவிடப் பெரிசு, முடி நீளம், சுறுசுறுப்பு. மாவுப்பூச்சியோ அசைவதே அபூர்வம். இந்த வண்டை 1898-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து இந்தியாவுக்கு வரவழைத்திருக்கிறார்கள். அவ்வளவு தூரம் வந்த விருந்தாளியின் வாரிசுகளை நான்...

தீப்பெட்டிக் கைதியை மரியாதையாகத் திரும்பக் கிளையில் விட்டேன். வேப்பெண்ணெயை நிறுத்தினேன். எறும்பு ஏறாமலிருக்க, தண்ணீர்த் தட்டில் செங்கல் வைத்து, அதன்மேல் தொட்டி. சுவரில் உரசிய கிளைகளையும் வெட்டினேன். தட்டுத் தண்ணீரைத் தினமும் மாற்றணும், இல்லேன்னா கொசு.

பாட்டி திரும்பிய அன்று மூன்று மொட்டு. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கிட்டே போனார்.

‘‘அதென்னப்பா, வெள்ளையா ஓடறது... நசுக்கிடட்டா?’’

‘‘பாட்டீ!’’ என்று நான் அலறியதில் பக்கத்து மாடியில் துணி காயப்போட்டவர் பக்கெட்டையே கீழே போட்டுவிட்டார்.