யூசர் ஸ்டோரியும் அதன் உரையும்

நம் பிள்ளைகளில் பலர் சாஃப்ட்வேர் வேலைதான் பார்க்கிறார்கள். அஜைல், யூசர் ஸ்டோரி என்று அவர்கள் போனில் பேசுவது நம் காதிலும் விழுகிறது. பாத்திரக் கடைக்காரனுக்கு இதில் என்ன வேலை என்று அன்பர்கள் கேட்கலாம். என் கடைக்குப் பில் போடும் மென்பொருளை ஒரு சிறு குழு எழுதித் தருகிறது. அவர்களோடு உட்கார்ந்து தெரிந்துகொண்டது இது.

2001-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 17 பேர் கூடி அஜைல் அறிக்கையை எழுதினார்கள். விரிவான ஆவணத்தைவிட ஓடுகிற மென்பொருளே மேல் என்றார்கள். ஆவணத்துக்கும் மதிப்பு உண்டு என்று அங்கேயே சொல்லியிருக்கிறார்கள். அந்த வரியைப் பலர் படிப்பதில்லை.

யூசர் ஸ்டோரி என்பது ஒரு சிறு அட்டையில் அடங்கும் வாக்கியம். "கடைக்காரனாகிய நான், திரும்பி வரும் சரக்குக்குக் கிரெடிட் நோட் போட வேண்டும், வாங்கியவர் கணக்கு நேராக வேண்டும்." இது நூற்பா மாதிரி. பவணந்தியாரின் நன்னூலை உரை இல்லாமல் படித்துப் பாருங்கள், பாதி விளங்காது. ஸ்டோரிக்கு உரை, விரிவான தேவைகள்: மூல பில்லின் எண்ணும் தேதியும் வரவேண்டும், வெளிமாநிலம் என்றால் ஐ.ஜி.எஸ்.டி.; வரி விகிதம் பழைய பில்லில் உள்ளதே.

கடைசி விதியைக் கவனியுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எவர்சில்வர் பாத்திரத்துக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. ஆகஸ்டில் 10,000 ரூபாய்ச் சரக்கு 1,200 ரூபாய் வரியோடு போயிருக்கும். அக்டோபரில் அது திரும்பினால் அதே 1,200-ஐத்தான் கழிக்க வேண்டும். மென்பொருள் அன்றைய விகிதத்தை எடுத்தால் 500-தான் கழியும். 700 ரூபாய் அந்தரத்தில் நிற்கும்.

வரி விகித விதி ஒரு ஸ்டோரியோடு நிற்பதில்லை. பில் போடுவது, சரக்குத் திரும்புவது, மாதக் கணக்குத் தாக்கல் எல்லாவற்றையும் தொடும். ஸ்டோரியோ இரண்டு வாரத்தில் முடிந்து மூடப்பட்டுவிடும்; விதி இருந்துகொண்டே இருக்கும். விதியை ஒவ்வொரு ஸ்டோரிக்குள்ளும் எழுதி வைத்தால், சட்டம் மாறும் நாளில் மூடிய ஸ்டோரிகளை ஒவ்வொன்றாகத் தோண்ட வேண்டும். எங்கள் பையன்கள் அந்த வாரம் தோண்டிக்கொண்டுதான் இருந்தார்கள், பாவம்.

அதன்பின் விதிகளுக்குத் தனி எண் கொடுத்தார்கள். கிரெடிட் நோட்டில் பழைய விகிதம் என்பது வி-7. அதற்கு எதிரே, அது ஜி.எஸ்.டி. சட்டம் 34-ஆம் பிரிவிலிருந்து வந்தது, எந்தெந்த ஸ்டோரிகளைச் சேர்ந்தது, எந்தச் சோதனையில் பார்த்தார்கள் என்ற விவரம். ஸ்டோரிக்குள் எண் மட்டும் இருக்கும். பட்டியலைத் திருப்பியும் படிக்கலாம்: எந்த விதியும் சேராத ஸ்டோரி இருந்தால் அதை யார் கேட்டார்கள் என்று விசாரிக்கலாம். சோதனை எண் இல்லாத விதிதான் ஆபத்து, ஏனென்றால் வேலை முடிந்த மாதிரியே தெரியும்.

பெரிய ஸ்டோரியை மூன்றாக உடைக்கும்போது அன்றைக்கே எண்களையும் பிரித்துப் போட்டுவிட வேண்டும். இல்லாவிட்டால் ஏதாவது ஒரு விதி நடுவில் விழுந்துவிடும். பொத்தானின் நிறத்துக்கெல்லாம் எண் வேண்டாம். பணத்தையும் சட்டத்தையும் தொடுகிற விதிகளுக்கு இருந்தால் போதும். ஜிரா போன்ற மென்பொருளில் இதற்கு வசதி உண்டு. எங்கள் குழு ஒரு எக்செல் தாளில்தான் வைத்திருக்கிறது.